மழைநீர் புகாத விண்கலம்

முதலாளிக்கு விண்வெளி பிடித்துக்கொண்டது ஏதோ ஒரு தொழிலதிபர்கள் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது. முன்னால் தட்டோடு நின்ற ஆள், "ராக்கெட்டுங்கிறது என்ன சார், முக்கால்வாசி தொட்டிதானே" என்று சொல்லிவிட்டுத் தன் பங்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார். சொன்னவர் கை கழுவும்போதே மறந்திருப்பார். கேட்டவருக்கு மறக்க முடியவில்லை. கேட்டவர் மொட்டைமாடிக்குத் தண்ணீர்த் தொட்டி செய்து விற்கிறவர்.

மறுநாள் காலை எல்லோரையும் பேக்கிங் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

"ராக்கெட்ல முக்கால்வாசி தொட்டி. நாம செய்யறதும் தொட்டி. அப்ப நாம யாரு?"

என்ன பதில் சொன்னாலும் அதன் முடிவில் கூடுதல் வேலை இருக்கும் என்பது அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"முக்கால்வாசி ராக்கெட் கம்பெனி!" என்றார் முதலாளி.

விற்பனை மேலாளர் முதல் ஆளாகக் கை தட்டினார். அவருக்குத் தம்பட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தொட்டி மேல் யானை உட்கார்ந்தாலும் தாங்கும் என்று சொல்லி விற்கிற மனிதர். யானையை நேரில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம், தொட்டியையாவது ஒழுங்காகப் பார்த்திருப்பாரா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

முதலாளியின் திட்டம் இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று 'விண்கலம்: ஓர் அறிமுகம்' என்று இணையத்தில் ஒரு படிப்பு நடத்துகிறது. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். கம்பெனியில் மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் சேர வேண்டும். எல்லோருடைய சான்றிதழையும் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டால், ராக்கெட் விடுகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள். ராக்கெட் விடுகிறவர்கள் எதற்காக அந்த வரவேற்பறைக்கு வருவார்கள் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

"சான்றிதழ் வாங்காதவங்க கிடங்குக்குப் போயிடணும். இது ரூல்" என்று முடித்தார்.

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிடங்கு வேறு ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. லாரிக்குக் காத்திருக்கும் தொட்டிகளும், ஒழுகுகிறது என்று வாடிக்கையாளர் திட்டித் திருப்பியனுப்பிய தொட்டிகளும் அங்கேதான் கிடக்கும். அங்கே போகிறவர் அங்கேயே தங்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். கடைசியாகப் போனவர் திரும்பி வந்தபோது, பேச்சுத் துணை இல்லாமல் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசி, எதிரொலியோடு பழகிவிட்டதாகச் சொன்னார்.

எல்லோரும் பயந்தார்கள் என்றாலும், தட்டக்கா கொஞ்சம் அதிகமாகவே பயந்தாள். அவள் தரப் பரிசோதகர். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு தொட்டியையும் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டுவாள். உள்ளே விளக்கைப் போட்டு, வெளியிலிருந்து மெல்லிசான இடத்தைக் கண்டுபிடிப்பாள். தண்ணீர் நிரப்பி, குழாய் பொருத்தும் இடத்தில் வாஷரைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பாள். தட்டித் தட்டியே அவள் எல்லோருக்கும் தட்டக்கா ஆகிப்போனாள். வயதில் மூத்த கணக்காளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவளுடைய கணவர் தூரத்து லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வரும் நாளை அவரே சொல்ல முடியாது. மகள் பள்ளியில் கடைசி வருஷம். மற்ற பாடங்களில் அந்தப் பெண் சூரப்புலி, கணக்கு என்றால் மட்டும் பேயறைந்த மாதிரி ஆகிவிடுவாள். தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து முட்டி மோதி, இப்போதுதான் அந்தப் பேய் கொஞ்சம் விலகத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் தட்டக்கா கிடங்குக்குப் போனால், வீட்டில் மகளும் ஃபிரிட்ஜும்தான் மிச்சம். ஃபிரிட்ஜுக்குக் கணக்கு வராது.

படிப்பு தொடங்கியது. படித்த அழகைச் சொல்ல வேண்டும். காணொளியில் ஒரு பேராசிரியர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று தன் மொழியில் பேசுவார், கீழே எந்திரம் மொழிபெயர்த்த தமிழ் ஓடும். 'விண்கலத்தின் நான்கு மூலைகளிலும் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிறிது சிறிதாகத் தள்ளுகிறார்கள்' என்று, உந்தித் தள்ளும் குட்டி எஞ்சின்களை அது ஒருநாள் ஆட்களாக்கிவிட்டது. அந்த நாலு பேருக்கும் வார விடுமுறை உண்டா என்று கணக்காளர் கவலையோடு விசாரித்தார்.

நடுநடுவே காணொளி நின்று, 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். இருக்கிறேன் என்று அழுத்தினால்தான் மேலே நகரும். இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எல்லோருடைய போனையும் பேக்கிங் மேசையில் வரிசையாக அடுக்கி, சத்தத்தை அடக்கி, இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர் வரிசையாக எல்லோருக்கும் 'இருக்கிறேன்' போட்டுக்கொண்டு வருவார். இப்படியாக ஒரு நல்ல மனிதர் கோள்களின் சுற்றுப்பாதையைப் பற்றி அட்டைப்பெட்டிகளுக்கு உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினார்.

தட்டக்கா மட்டும் காதில் மாட்டிக்கொண்டு தொட்டி தட்டியபடியே கேட்டாள். அவளுக்கு அறிவுப் பசி என்று நினைத்து உருக வேண்டாம். பயம்தான். பாதி புரிந்தது, பாதி தலைக்கு மேலே போனது. புரிந்த பாதி அவளுக்கே தெரியாமல் பிடித்துப்போனது.

கடைசியில் தேர்வுக்குப் பதிலாக ஒரு கட்டுரை கேட்டார்கள். விண்கலத்தின் ஏதாவது ஒரு பாகத்தை நீங்களே வடிவமைத்து எழுத வேண்டும். அதைத் திருத்துவது பேராசிரியர் இல்லை, கூடப் படிக்கிற மாணவர்கள்தான். தமிழில் எழுதியதைத் தமிழில் படிக்கிறவர்களே திருத்துவார்கள், யாருடையது என்று பெயர் தெரியாது. வருகிற மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பாதிப் பேருக்குத்தான் சான்றிதழ்.

கணக்காளர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். தமிழ்ப் பிரிவில் சேர்ந்திருப்பதில் முக்கால்வாசிப் பேர் நம் கம்பெனி ஆட்கள். ஆனால் சான்றிதழ் பாதிப் பேருக்குத்தான்.

"நம்மாளுங்களுக்கு நூறு போடுவோம், வெளியாளுக்கு முட்டை போடுவோம். அப்புறமும் நம்மள்ல மூணுல ஒருத்தர் அடிபடுவாரே" என்று இழுத்தார்.

"எல்லாரும் நூறு வாங்கினா எல்லாரும் முதலிடம்தானே? முதலிடத்தை எப்படிப் பாதியா வெட்டுவான்?" என்றார் தம்பட்டம். அவருடைய வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான கணக்கு அது.

"பேர் தெரியாதே. நம்மாளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தம்பட்டம் தொட்டி விளம்பரத் தாளை எடுத்து மேசையில் போட்டார். அதன் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: மழைநீர் புகாது, பாசி பிடிக்காது.

"இந்த வரி எந்தக் கட்டுரையில இருக்கோ அது நம்மாளு. உலகத்துல வேற எவனும் விண்கலத்தைப் பத்தி இப்படி எழுத மாட்டான்."

அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் தோன்றாத சிறப்பம்சங்களோடு விண்கலங்கள் தயாராயின. கணக்காளர் வடிவமைத்த சூரியத்தகட்டில் மழைநீர் புகாது. வரவேற்பறைப் பெண் வடிவமைத்த விண்வெளி வீரர் நாற்காலியில் பாசி பிடிக்காது. தம்பட்டத்தின் ராக்கெட் மழைநீர் புகாதது, பாசி பிடிக்காதது, மேலே யானை உட்கார்ந்தாலும் தாங்குவது. தட்டக்கா விண்கலத்துக் கதவின் ரப்பர் விளிம்பைப் பற்றி உண்மையிலேயே உழைத்து எழுதினாள். முடிவில் அந்த வரியைச் சேர்க்கும்போது கை கூசியது. கூசிய கையாலேயே சேர்த்தாள்.

திருத்தும் வேலை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது. ஒவ்வொருவருக்கும் சில கட்டுரைகள் வந்தன. யாரும் எதையும் படிக்கவில்லை. மழைநீரைத் தேடினார்கள், இருந்தால் நூறு போட்டார்கள், சோற்றைப் பிசைந்தார்கள்.

தட்டக்காவுக்கு வந்த கடைசிக் கட்டுரையில் மழைநீர் இல்லை. தேடுவதற்காக மேலிருந்து கீழ்வரை படித்தவள், மறுபடியும் மேலே போய் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள். விண்கலத்துக்குள் வைக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய கட்டுரை அது. 'நம் வீட்டுத் தொட்டியில் குழாயை அடியில் வைக்கிறோம். தண்ணீர் அடிக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில் வைக்கிறோம். எடையே இல்லாத இடத்தில் தண்ணீர் அடிக்கு வராது. உருண்டை உருண்டையாக மிதக்கும், போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடி என்றே ஒன்று இல்லாத தொட்டியில் குழாயை எங்கே வைப்பது?' என்று அதில் கேட்டிருந்தது.

கேள்வியோடு விடவில்லை. தொட்டிக்குள் ஒரு ரப்பர் பை, பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. காற்றை அழுத்தினால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை, குழாய் எங்கே இருந்தாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். எழுத்துப் பிழைகளோடு, அடித்துத் திருத்திய மாதிரி திக்கித் திணறி எழுதியிருந்தது. எழுதிய ஆள் குளிக்கும்போதும் நடக்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. தட்டக்கா இத்தனை வருஷம் தட்டிய தொட்டிகளில் ஒன்றில்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"என்னக்கா, மழைநீர் இருக்கா?" என்று தம்பட்டம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இல்ல. ஆனா நல்லா எழுதியிருக்காங்க தம்பி."

"நல்லா எழுதினாத்தான் ஆபத்து. முட்டையைப் போடுங்க. பாவம் பாத்தீங்கன்னா, அந்தாளும் முதலிடத்துல வந்து நிப்பான், ஒருத்தர்கூட தோக்கலன்னா இணையதளத்துக்காரன் எப்படியாவது பாதியா வெட்டப் பாப்பான். நம்மள்ல யாராவது கிடங்குக்கு வண்டி ஏறணும். நீங்க ஏறறீங்களா?"

மகளுடைய கணக்கு நோட்டு கண் முன்னால் வந்தது. முட்டையைப் போட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முட்டை போட்டால் காரணமும் எழுத வேண்டும் என்று அந்த இணையதளம் அடம்பிடித்தது. மற்றவர்கள் 'மோசம் மோசம் மோசம்' என்று இடத்தை நிரப்பிவிட்டுப் போனார்கள். தட்டக்காவால் அப்படி எழுத முடியவில்லை. கட்டுரையில் அவளுக்குத் தெரிந்த குறை ஒன்றே ஒன்று உண்டு. பை குழாயோடு சேருமிடத்தில் வாஷரைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் அந்த இடம் முதலில் கசியும். அதை எழுதினாள். எழுதி முடித்ததும் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை முகம் தெரியாத ஆள் தலையில் கொட்டினாள்: 'வாஷரைப் பற்றித் தெரியாதவர் ஒரு வாளி செய்யக்கூட லாயக்கில்லை.'

முடிவு வந்தது. கம்பெனி மொத்தமும் நூற்றுக்கு நூறு. உலகத்தின் எந்த விண்வெளி மையத்திலும் இப்படி ஒரு ஊழியர் படை இருக்காது. தம்பட்டம் எல்லோருக்கும் டீ சொன்னார்.

முதலாளி மறுபடியும் பேக்கிங் கொட்டகைக்கு வரச் சொன்னார். கையில் போன், கண்ணில் மூக்குக் கண்ணாடி. முகத்தில் மட்டும் ஏதோ சரியில்லை.

"எல்லாரும் நூறு. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு" என்றார். பெருமையாக இருக்கும் ஆளின் குரல் இல்லை அது. "ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லல. உங்களைப் படிக்கச் சொல்லிட்டு நான் மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காதேன்னு, வீட்டம்மா பேர்ல நானும் சேர்ந்தேன். காலைல வாக்கிங் போகும்போதெல்லாம் இதே நெனப்புதான். தண்ணித் தொட்டியைப் பத்தித்தான் எழுதினேன். நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

தட்டக்காவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"முட்டை" என்றார் முதலாளி. "திருத்தின அத்தனை பேரும் முட்டை. மோசம் மோசம்னு எழுதினவங்களை விடுங்க, அவங்க படிக்கவே இல்ல. ஒருத்தர் மட்டும் முழுசாப் படிச்சிருக்காரு. வாஷரைக் கவனிக்கலன்னு சொல்லியிருக்காரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு. எனக்குத் தோணவே இல்ல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒரு வாளி செய்யக்கூட லாயக்கில்லையாம். வெவரம் தெரிஞ்சவர் சொல்றாரு, நாம கேட்டுக்கணும். இவ்வளவு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தேன்னு தெரியல. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் கிடங்கைப் பாத்துக்கறேன். இங்க இனிமே எல்லாம் இவர்தான்" என்று தம்பட்டத்தைக் காட்டினார்.

தம்பட்டத்தின் முகத்தில் சோகம் வருவதற்குப் பெரும்பாடு பட்டது. "ஐயோ சார்" என்று சொல்லிவிட்டு, சொன்ன சூட்டோடு முதலாளி உட்காரும் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் பாதி தட்டினார்கள்.

தட்டக்கா பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் சான்றிதழ் சுவரில் தொங்கும், மகளோடு மேசையில் உட்காரலாம், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவளும் பேசக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் முதலாளி அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

"சார், அந்த வாளி நான்தான்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"வாளின்னு எழுதினது நான். உங்களுதுன்னு தெரியாது. தெரிஞ்சு போட்ட முட்டை இல்ல, ஆனா பொய் முட்டை. என்னோட நூறும் பொய்தான் சார்."

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல சார், காலைலேருந்து ஒரு மாதிரிதான் இருக்காங்க" என்று தம்பட்டம் பாய்ந்து வந்தார்.

முதலாளி எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "மத்தவங்க மார்க்கு?"

கணக்காளர் கொட்டகைக் கூரையை, அங்கே ஏதோ நட்சத்திரம் தெரிகிற மாதிரி, அண்ணாந்து பார்த்தார். படித்த படிப்பு அந்த அளவுக்காவது உதவியது. வரவேற்பறைப் பெண்ணுக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது.

"என் மார்க்கைப் பத்தித்தான் சார் எனக்குத் தெரியும்" என்றாள் தட்டக்கா.

முதலாளி அவளருகே வந்தார். அடிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

"பொய் முட்டைன்னா, உண்மையா எத்தனை போட்டிருப்பீங்க? என் மூஞ்சிக்காகச் சொல்லாதீங்கம்மா."

"எழுபது சார். வாஷரைக் கவனிச்சிருந்தா இன்னும் மேலே போயிருக்கும். அடி இல்லாத தொட்டின்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்விக்கே பாதி மார்க் கொடுக்கலாம்."

"எழுபதா? அப்ப பாஸ்தானே?"

"நல்ல பாஸ் சார்."

முதலாளிக்குத் தரையில் கால் பாவவில்லை. "பாஸாம்! எழுபதாம்!" என்று அங்கேயே வீட்டம்மாவுக்குப் போன் போட்டார். வாஷருக்கு என்ன ரப்பர் போடலாம் என்று தட்டக்காவிடமே கேட்டார். தம்பட்டத்தின் தோளைத் தட்டி, பழைய இடத்துக்கே அனுப்பினார். கொட்டகை கலையும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு இப்ப சான்றிதழ் இல்லையேம்மா" என்றார், சங்கடமாக. "ரூல்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எனக்கும் அதே ரூல்தான், ஆனா நான்தான் பாஸாயிட்டேனே. அடுத்த வகுப்பு முடியற வரைக்கும் கிடங்கைப் பாத்துக்குங்க. உங்க நேர்மையை நான் மறக்க மாட்டேன்."

மறக்கவும் இல்லை. அவளுடைய மாற்றல் உத்தரவிலேயே 'நேர்மையானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களுடைய சான்றிதழ்கள் அன்று சாயங்காலமே சுவரில் ஏறின.

வீட்டில் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருந்தாள். தட்டக்கா எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னாள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன்னை யாரும்மா கேட்டா? எல்லாரும் வாயை மூடிட்டு நின்னாங்கள்ல, நீ மட்டும் எதுக்கு? என் பரீட்சை முடியற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பேருந்தில் வரும்போது தட்டக்கா மனசாட்சி, நியாயம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தாள். மகளுடைய அழுகைக்கு முன்னால் அதில் ஒன்றும் நிற்கவில்லை.

"அந்தாளு நெஜமாவே நல்லா எழுதியிருந்தாருடி" என்றாள். "அதைப் போய் வாளின்னு எழுதிட்டேன்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "அவ்வளவு நல்லா எழுதினவருக்கு, உன்னை அனுப்பக் கூடாதுன்னு தெரியாதா?"

"எழுதறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல போல."

பிறகு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து போட்டு முடித்திருந்த ஒரு நீளமான கணக்கை அம்மாவின் பக்கம் தள்ளினாள். தட்டக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். வழி சரி. பாதியில் ஒரு குறி மாறி, விடை எங்கேயோ போயிருந்தது.

"எத்தனை போடுவ?" என்று மகள் கேட்டாள்.

"பத்துக்கு ஆறு."

"ஊரை விட்டுப் போகப் போற. ஏழாவது போடேம்மா."

தட்டக்கா கணக்கை மறுபடியும் ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"ஆறுதான்" என்றாள்.